முத்திருளனுக்குப் போட்ட இலை

கடலுக்கு இக்கரையில் ஒரு ராஜா, அக்கரையில் ஒரு ராஜா. முத்து வியாபாரத்தில் இருவருக்கும் அப்படியொரு சிநேகம். அது கெட்டுவிடக் கூடாதென்று, அக்கரைச் சிறையில் கிடந்த இக்கரை மீனவர்களைப் பற்றி அரண்மனையில் யாரும் மூச்சு விடுவதில்லை.

சமையற்காரி சிலம்பாயியின் புருஷன் முத்திருளனும் அந்தச் சிறையில்தான் இருந்தான். அக்கரைத் தூதர் விருந்துக்கு வந்த அன்று ராஜா அவளைக் கூப்பிட்டார்.

"உன் புருஷன் பேச்சை நீயாக எடுத்தாயோ, நாக்கு இருக்காது."

"நானாக எடுக்க மாட்டேன் சாமி," என்றாள். அவளும் எத்தனை நாள்தான் பயந்துகொண்டே குழம்பு வைப்பாள்?

பந்தியில் தூதருக்குப் பக்கத்தில் ஆளில்லாமல் ஓர் இலை போட்டு, சோறும் குழம்பும் குறைவில்லாமல் பரிமாறினாள். மற்றவர்கள் சாப்பிட்டு முடித்தார்கள். ஆனால் பந்தியில் ஓர் இலை பாக்கியிருக்க எழுந்திருப்பது அவமரியாதை. எல்லார் கையும் காய்ந்துகொண்டிருந்தது.

"யாருக்கம்மா இந்த இலை?" என்று தூதரே கேட்டார்.

"என் வீட்டுக்காரருக்கு ஐயா. உங்கள் சிறையில் இருக்கிறார். அனுப்பிவைத்தால் வந்து சாப்பிடுவார், நீங்களும் எழுந்திருக்கலாம்."

பந்தி சிரிப்பை அடக்கிக்கொண்டது. தூதரும் சிரித்தபடி பெயரைக் கேட்டார்.

"முத்திருளன்."

தூதரின் சிரிப்பு நின்றது. "அவன் போன ஆடியிலேயே சிறையில் செத்துப்போனானே அம்மா. உங்கள் ராஜாவுக்கு அப்போதே சொல்லி அனுப்பினோமே."

சிலம்பாயி ராஜாவைப் பார்த்தாள். ராஜா இலையைப் பார்த்தார்.

"அப்படியானால் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை," என்று சொல்லி, முதல் ஆளாக எழுந்து கை கழுவப் போனார்.