மாதி நட்ட முட்டைக்கோஸ்

கேளுங்கள். மலைகளுக்கு யாரும் பெயர் வைத்திராத காலம் அது. மேகம் வீட்டுக்குள் நுழைந்து வெளியேறும் உயரத்தில் இருபது வீடுகள் இருந்தன. அதில் ஒன்றில் போஜன் என்பவன் தன் மனைவி மாதியோடு வாழ்ந்தான்.

ஆவணியில் மாதி கொல்லையில் முட்டைக்கோஸ் நாற்று நட்டாள். ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. பத்தே நாளில் போய்ச் சேர்ந்தாள். அவள் நட்ட கோஸ் மட்டும் உருண்டு திரண்டு வளர்ந்தது.

பனி இறங்குமுன் ஊரார் எல்லாரும் அறுத்துவிட்டார்கள். போஜன் அறுக்கவில்லை. கத்தியோடு போவான். அவள் விரலால் அணைத்த மண்ணைப் பார்ப்பான். திரும்பிவிடுவான். அங்கே அவள் குனிந்து களை பறித்ததையும், ஈரக் கையின் பின்புறத்தால் முடியை ஒதுக்கியதையும் நினைத்தபடி வரப்பில் உட்கார்ந்திருப்பான்.

மார்கழியில் உறைபனி விழுந்தது. தையிலும் விழுந்தது. கோஸின் வெளி இலைகள் கருகித் தொங்கின.

மாசியில் மலைப்பாதை சரிந்தது. கீழ்நாட்டிலிருந்து தானியம் வரவில்லை. குதிர்கள் காலியாயின. பக்கத்து வீட்டு நஞ்சி, கைக்குழந்தைக்காரி, வேலியோரம் வந்து நின்றாள்.

"அண்ணா, அந்தக் கோஸ் நாலு கொடுங்களேன்."

"அது மாதி நட்டது, நஞ்சி."

அவள் போய்விட்டாள். மறுநாளும் வந்தாள்.

"எல்லாம் அழுகிப்போச்சு. அதைக் கொண்டுபோய் என்ன செய்வாய்?" என்றான் போஜன்.

மூன்றாம் நாளும் வந்தாள். அழக்கூடத் தெம்பில்லாமல் குழந்தை அவள் தோளில் கிடந்தது.

"அண்ணா, இவன் பிறந்தப்போ மாதியக்கா பத்து நாள் எனக்குச் சோறு பொங்கிப் போட்டாங்க. அவங்க இருந்திருந்தா நான் இப்படி வந்து கேட்டிருக்கவே வேண்டாம்."

போஜன் உள்ளே போய்க் கத்தியை எடுத்து வந்தான்.

முதல் கோஸை அறுத்தான். கருகிய இலையை உரித்தான். அடுத்த இலை வழவழவென்று அழுகியிருந்தது. அதையும் உரித்தான். மூன்றாவது இலைக்கு உள்ளே வெள்ளை வெளேரென்று, கல் போல இறுகி இருந்தது கோஸ். ஒரு துண்டை வாயில் போட்டான். பனி குடித்த கோஸ் அப்படி இனித்தது. மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். நஞ்சி ஒன்றை வேரோடு பிடுங்கப் போனாள்.

"பிடுங்காதே! மாதி தண்டை விட்டுத்தான் அறுப்பாள். மறுபடி துளிர்க்கும்."

அறுத்ததைப் போஜன் ஊருக்கே பங்கிட்டான்; அன்று இருபது வீட்டு அடுப்பிலும் கோஸ் வெந்தது. உப்பும் மிளகும் போட்ட அந்தச் சாற்றைக் குடித்து நஞ்சிக்குப் பால் ஊறியது. விட்ட தண்டுகளில் பங்குனி வெயில் பட்டதும் துளிர் வந்தது. ஊர் அதைக் கிள்ளிச் சமைத்தது. சித்திரையில் பாதை சீராகும்வரை ஒரு குழந்தையும் சாகவில்லை.

மூன்று கோஸை மட்டும் போஜன் அறுக்காமல் விட்டிருந்தான். அவை மஞ்சளாகப் பூத்து விதை பிடித்தன. அந்த விதையை வீட்டுக்கு ஒரு சிட்டிகை கொடுத்தான். வாங்கியவர்கள் அதற்கு மாதிவிதை என்று பெயர் வைத்தார்கள்.

மறைந்தவர் விட்டுப்போனதைக் காத்துக் கிடப்பதைவிட, பசித்தவருக்கு எடுத்துக் கொடுப்பதே அவரை உள்ளபடி நினைப்பதாகும்.