கன்னியம்மனுக்குச் சேர்த்த விழல்

ஏரிக்கரைக்கு அப்பால், இருளர் குடியிருப்பில் வேம்புலியம்மாள் என்றோர் அடியார் வாழ்ந்து வந்தார். ஓடையில் நண்டு பிடித்து விற்பது அவர் பிழைப்பு. விடிந்ததும் வேப்பமரத்தடியில் வெட்டவெளியில் நிற்கும் கன்னியம்மன் கல்லைக் கழுவிப் பூ வைத்து, "ஆத்தா, போயிட்டு வரேன்" என்று சொல்லாமல் அவர் ஓடையில் கால் வைத்ததில்லை. தாய் இப்படி வெயிலிலும் மழையிலும் நிற்கிறாளே என்று அவருக்குத் தாங்காது. கூரை போடுவதாக நேர்ந்துகொண்டு, வேலை முடிந்து வரும்போதெல்லாம் கரையில் விழல்புல் அறுத்துவந்து காயவைத்துச் சேர்த்தார்.

மரத்துக்கு எதிரே குடியிருப்புப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம். பெயர்தான் பள்ளிக்கூடம், மேலே ஓட்டைத் தகரம், கீழே மண்தரை. அதே ஊராட்சியில் ஊர்ப் பள்ளிக்கு மாடிக் கட்டடமும் மின்விசிறியும் வந்துவிட்டன. இதற்கு மட்டும் ஆண்டுதோறும் "அடுத்த நிதியில் பார்க்கலாம்" என்பார்கள். அந்த அடுத்த நிதிக்கு ஏனோ ஏரிக்கரையைத் தாண்டக் கால் வரவே இல்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தகரம் பிய்ந்து போயிற்று. பிள்ளைகள் வரவு நின்றது.

"புள்ளைங்க வரலன்னா இழுத்து மூடிடுவாங்கக்கா" என்று ஆசிரியை சுகந்தி அழாத குறையாகச் சொன்னார்.

முன்பு ஊர்ப் பள்ளிக்குப் போன குடியிருப்புப் பிள்ளைகளைக் கடைசி மூலையில் தனியே உட்கார வைத்ததும், அவர்கள் திரும்பிவந்து செங்கல் சூளைக்குப் போனதும் வேம்புலியம்மாளுக்குத் தெரியும். அவருடைய சிறுவயதும் சூளையில் கல் சுமந்தே கழிந்தது.

அன்று அம்மன் முன் நெடுநேரம் நின்றார். "ஆத்தா, உனக்குன்னு வச்சத எடுக்கறேன். கோவம்னா என்மேல காட்டு, புள்ளைங்கமேல காட்டாதே." சேர்த்த விழல் முழுவதையும் பள்ளியின்மேல் வேய்ந்தார்.

குடியிருப்பே கொதித்தது. "ஆத்தா நனையிறா. சாமி பொருள்ல கைவைக்க உனக்கு எப்படி மனசு வந்துச்சு?" என்றார் பூசாரி மாரப்பன். மாசி மகத்தன்று கடற்கரையில் மணலால் ஏழு படி கட்டி அம்மனை அழைப்பது அவர்கள் வழக்கம். "இந்த வருசம் உன் கை அந்தப் படியில படக்கூடாது" என்று விலக்கியும் வைத்தார்.

வேம்புலியம்மாளோ, மழை கொட்டும்போதெல்லாம் குடிசைக்குள் இருக்க மனம் வராமல் அம்மன் பக்கத்தில் நின்று தாமும் நனைந்தார். பாவம், தாய்க்குத் துரோகம் செய்துவிட்டோமோ என்று அந்த மனம் என்ன பாடுபட்டிருக்கும். எதிரே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் மட்டும் மழையை மீறிக் கேட்டது.

மாசி மகம் வந்தது. ஏழு படியும் எழுந்தன. பூவும் பழமும் நிறைந்தன. வேம்புலியம்மாள் கூட்டத்துக்கு வெளியே அலையோரம் கைகூப்பி நின்றார். பூசாரிமேல் அம்மன் இறங்கினாள்.

"மழையில நனைய வச்சிட்டோம் தாயே, பொறுத்துக்கணும்" என்று சனம் காலில் விழுந்தது.

"யாருடா நனைஞ்சது?" என்றது பூசாரியின் வாய். "எனக்குச் சேர்த்த கூரைக்குள்ளதான் புள்ளைங்களோட குந்தினு இருந்தேன். மரத்தடியில நனைஞ்சது என் மவ. அவள எங்கடா நிக்க வச்சீங்க?"

கூட்டம் விலகி வழிவிட்டது. விலக்கிவைத்த அதே கை வேம்புலியம்மாளைப் பிடித்து அழைத்துவந்து, படியருகே நிறுத்தி, நெற்றியில் மஞ்சள் பூசியது. அம்மையார் அழுதார்.

அதன்பின் ஆண்டுதோறும் குடியிருப்பே கூடி விழல் அறுத்தது. முதல் கட்டு பள்ளிக்கு, அடுத்தது அம்மனுக்கு. நிதி இன்னும் கரைக்கு அந்தப் பக்கமே நிற்கிறது. தம்மேல் மழையை வாங்கிக்கொண்டு பிள்ளைகளை நனையாமல் காத்த வேம்புலியம்மாளின் திருவடிகளை வணங்குவோம்.