முதல் பந்தி

பேச்சிமுத்து அண்ணாச்சி முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபது வயதில் இயேசுவைத் தேடிச் சபைக்கு வந்தார். ஞானஸ்நான வகுப்பில் அவருக்குப் பாடம் சொன்ன லேயாள் டீச்சருக்கு அவருடைய மகள் வயதுதான். அதனால் என்ன? முதல் பெஞ்சில் கைகட்டித்தான் உட்காருவார்.

ஞானஸ்நானத் தேதியை இரண்டு முறை அவரே தள்ளிப் போட்டிருந்தார். மூன்றாவது தேதி நாளை. இன்று சர்ச் வளாகத்தில் அசனம். சாதி மதம் பார்க்காமல் ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் நாள்.

காலையிலிருந்து அவர் தண்ணீர் சுமந்தார், விறகு பிளந்தார், வெங்காயம் உரித்தார். ஒருவரிடமும் சிரிக்கவில்லை. பரீட்சை எழுதுகிறவர் முகம்.

"டீச்சர், நாளைக்கு வேண்டாம். இன்னும் ஆறு மாசம் போகட்டும்."

"ஏன் அண்ணாச்சி?"

"விசுவாசம் போதும்னு ஒருநாள் சொல்லுதீங்க. கிரியையும், அதான் நல்ல காரியமும், வேணும்னு மறுநாள் சொல்லுதீங்க. என் கிரியை உங்களுக்குத் தெரியாது. காய்ச்சல் பிள்ளையத் தூக்கிக்கிட்டு மழையில ஒரு பொம்பளை கைகாட்டி ஓடி வந்தா. பார்த்துக்கிட்டே விசில் ஊதினவன் நான். அதுக்கு ஈடா எவ்வளவோ செய்யணும். அதுக்கு அப்புறம்தான் ஞானஸ்நானம்."

மனிதர் உண்மையாகவே பயந்து போயிருந்தார்.

டீச்சர் அவர் கையிலிருந்த வாளியை வாங்கிக் கீழே வைத்தார். பந்தலில் முதல் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உக்காருங்க."

"நானா? பரிமாற ஆள் பத்தாது டீச்சர். கடைசியில சாப்பிட்டுக்கிடுதேன்."

"உக்காருங்க அண்ணாச்சி."

உட்கார்ந்தார். பக்கத்து இலையில் ஓர் அசலூர்க்காரர். அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கி, தோள் பையோடு வந்திருந்தார்.

அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. டீச்சரைக் குனியச் சொல்லிக் காதில் முணுமுணுத்தார்.

"இவரு ஒரு விறகுகூட எடுத்துப் போடலையே. இவருக்கு எதுக்கு முதல் பந்தி?"

"பசியோட வந்திருக்காரு."

"நானும்தான் பசியோட இருக்கேன். காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி குடிக்கலை."

"அப்போ உங்களுக்கும் இலை உண்டு."

சுடச்சுடச் சோறு விழுந்தது. அதன்மேல் ஆட்டுக்கறிக் குழம்பு. டீச்சரே பரிமாறினார். முதல் கவளம் உள்ளே போனதும் அண்ணாச்சியின் முணுமுணுப்பு நின்றது. மறுசோறு வாங்கினார். குழம்பை இன்னொரு தரம் கேட்டார். அசலூர்க்காரருக்கு எலும்பில்லாத துண்டாகப் போடச் சொல்லி, பரிமாற வந்த பையனை அதட்டவும் செய்தார்.

கையைக் கழுவினாரோ இல்லையோ, குழம்பு வாளி அவர் கையில் இருந்தது.

"உள்ள தள்ளி உக்காருங்க, உள்ள தள்ளி! எடம் நெறைய இருக்கு!"

பந்தலே சிரித்தது. போதும் என்று கை மறித்தவர்கள் இலையிலும் ஊற்றினார். யாரோ ஒரு பாட்டைத் தொடங்க, வாளியோடு தலையாட்டிக்கொண்டே பந்தி பந்தியாக ஓடினார். இத்தனை நாளில் அவர் பல்லை அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

டீச்சர் குறுக்கே வந்து நின்றார்.

"அண்ணாச்சி, இது அந்த மழை நாளுக்கு ஈடா?"

அவர் விழித்தார். அந்த நினைப்பே அவருக்கு வந்திருக்கவில்லை.

"இல்ல டீச்சர். குழம்பு அவ்வளவு ருசி. எல்லாரும் சாப்பிடட்டுமேன்னுதான்…"

பாதியில் நிறுத்திவிட்டு, கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார்.

"டீச்சர், அப்போ நாளைக்கு?"

"ஒன்பது மணிக்கு. இப்போ ஓடுங்க அண்ணாச்சி, கடைசிப் பந்தி வெறுஞ்சோத்தோட உக்காந்திருக்கு."