மூன்று கேள்வி, ஒரே பெட்டி

நாணல் குட்டை வற்றிக்கொண்டு வந்தது. அதில் ஒரு கெளுத்தி மீனும் அதன் இருநூறு குஞ்சுகளும் மாட்டிக்கொண்டிருந்தன.

"நண்டண்ணே! பிள்ளைங்களுக்கு மூச்சு முட்டுது! எப்படியாவது எங்களை ஆலமடுவுக்குக் கொண்டுபோகச் சொல்லுங்க!" என்று கரையிலிருந்த நண்டிடம் கெஞ்சியது கெளுத்தி.

ஆலமடு காட்டின் மறுகோடியில் இருந்தது. எந்தக் கோடையிலும் வற்றாதது. மீன்களைத் தூக்கிப் போவதற்கென்றே காட்டு அலுவலகம் ஒரு கூழைக்கடாப் பறவையை வேலைக்கு வைத்திருந்தது. ஆனால் அதற்கு ஆணை வேண்டும். ஆணை இருந்தால், அதன் அலகுப்பையில் ஏறுகிற மீன் பயணி. ஆணை இல்லையென்றால் இரை!

அலுவலகம் குட்டைக் கரையிலேயே இருந்தது. நண்டு விறுவிறுவென்று ஓடியது. அங்கே எல்லாம் கம்ப்யூட்டர்தான். மனுவில் மூன்று கேள்விகள்: எங்கே பிறந்தாய்? இப்போது எங்கே இருக்கிறாய்? எங்கே போக விரும்புகிறாய்? ஒவ்வொரு கேள்விக்கும் கீழே ஒரு டிராப்டவுன். தொட்டால், காட்டிலுள்ள நீர்நிலைகளின் பெயர்கள் வரிசையாக விரியும்.

நண்டு பொறுமையாகத் தொட்டது. பிறந்தது பாறைச் சுனை. இருப்பது நாணல் குட்டை. போக விரும்புவது ஆலமடு. அடுத்த நொடியே பதில் வந்தது.

"பிறந்தது ஆலமடு. இருப்பது ஆலமடு. போக விரும்புவது ஆலமடு. ஏற்கெனவே அங்கேயே இருப்பதால் மனு தள்ளுபடி."

நண்டுக்கு ஒன்றும் புரியவில்லை. மனு பார்க்கும் உடும்பிடம் ஓடியது.

"ஐயா, கெளுத்தி ஆலமடுவில இல்லைங்க! இதோ, இந்தக் குட்டையிலதான் துடிச்சுக்கிட்டு இருக்கு! ஜன்னல் வழியா கொஞ்சம் எட்டிப் பாருங்க!"

உடும்பு தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"ஜன்னல்ல பார்த்து முடிவெடுக்க எனக்கு அதிகாரம் கிடையாது. கம்ப்யூட்டர்ல ஆலமடுன்னு இருந்தா ஆலமடுதான். நீ தப்பா போட்டிருப்பே. போய் மறுபடி போடு!"

ஜன்னல் அதன் மூக்குக்கு நேராகத்தான் இருந்தது! இதைச் சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நண்டு மறுபடி போட்டது. அதே பதில். மறுநாளும் அதற்கடுத்த நாளும் போட்டது. அதே பதில். அதற்குள் குட்டையின் ஓரத்தில் குஞ்சுகள் வெள்ளை வயிறு தெரிய மிதக்கத் தொடங்கிவிட்டன. நான்காம் நாள் நண்டு உடும்பிடம் போகவில்லை. அந்த மனுப் படிவத்தைக் கம்ப்யூட்டரில் தயாரித்த குரங்கைத் தேடிப் போனது.

குரங்கு அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு தாழ்ந்த கிளையில், மடியில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தது.

"என் வேலையில தப்பா? சான்ஸே இல்லை!" என்று பல்லைக் காட்டியது. "முன்னாடி மூணு கேள்விக்கும் மூணு பட்டியல் எழுதி வச்சிருந்தாங்க. ஒரு குட்டை புதுசா வந்தா மூணு இடத்துல திருத்தணும். நான் வந்துதான் எல்லாப் பெயரையும் ஒரே அட்டவணையில போட்டேன். ஒரே அட்டவணை, மூணு டிராப்டவுன்! எப்படி?"

"அது நல்ல வேலைதான். பதில் ஏன் மாறி வருது? நீ சோதிச்சுப் பார்த்தியா, இல்லையா?"

"பார்க்காம விடுவேனா? மூணுலயும் மேலே முதல்ல இருந்த ஆலமடுவைத் தொட்டேன். மூணும் ஆலமடுன்னு கரெக்டா வந்துச்சு! நீதான் கொடுக்கை வச்சுக் கண்டபடி அமுக்கியிருப்பே!"

மூன்றிலும் ஒரே பெயரைத் தொட்டால் தப்பு எப்படித் தெரியும்? நண்டுக்குக் கோபம் தலைக்கேறியது. தொங்கிக்கொண்டிருந்த வாலைக் கொடுக்கால் இறுக்கிப் பிடித்தது.

"ஐயோ! விடு! விடு!"

"விடமாட்டேன்! உன் பேர்ல ஒரு மனு போடு! மூணுக்கும் வேற வேற இடம் போடு! நீ பிறந்தது எங்கே?"

"பாறைச் சுனைப் பக்கம்! ஐயோ!"

"இப்ப இருக்கிறது?"

"நாணல் குட்டை! இங்கேதான்!"

"எங்கே போகணும்?"

"வேங்கை ஏரி! எங்கேயாவது! விட்டுத் தொலை!"

குரங்கு மூன்றையும் தொட்டது. பதில் வந்தது: "பிறந்தது வேங்கை ஏரி. இருப்பது வேங்கை ஏரி. போக விரும்புவது வேங்கை ஏரி."

"பார்த்தியா? நீ வேங்கை ஏரியில இருக்கே! அப்ப நான் பிடிச்சிருக்கிறது யார் வாலு? உனக்கு ஏன் வலிக்குது?" என்று நண்டு இன்னும் அழுத்தியது.

அப்போதுதான் குரங்கு தான் எழுதி வைத்ததைத் திறந்து பார்த்தது. பெயர்களை ஒரே அட்டவணையிலிருந்து எடுத்தது சரி. ஆனால் பதிலைப் போட்டு வைக்கும் பெட்டியையும் மூன்று கேள்விக்கும் ஒன்றாகவே வைத்திருந்தது! கடைசியாகத் தொட்ட பெயர், முந்தைய இரண்டையும் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொண்டது.

அட்டவணையை அப்படியே விட்டுவிட்டு, பிறந்த இடத்துக்கு ஒரு பெட்டி, இருக்கும் இடத்துக்கு ஒன்று, போகும் இடத்துக்கு ஒன்று என்று குரங்கு தனித்தனியாக வைத்தது. ஒரு வாழைப்பழம் தின்னும் நேரம்தான் ஆனது. நண்டு வாலை விட்டுவிட்டு ஓடிப்போய் மனுப் போட்டது. உடனே ஆணை வந்தது.

கூழைக்கடா பறந்து வந்து குட்டையில் அலகை வைத்தது. கெளுத்தி ஏறியது. அதன் பின்னால் குஞ்சுகள் ஏறின. பத்தொன்பது. அவ்வளவுதான் மிச்சம்.

குரங்கு வாலைத் தடவிக்கொண்டே கரைக்கு வந்தது. "சின்னத் தப்புதானே! அதான் உடனே சரிபண்ணிட்டேனே!" என்றது.

அலகுப்பைக்குள்ளிருந்து கெளுத்தி பேசியது.

"நாலு நாளா நண்டண்ணன் உங்க அலுவலகத்துல வந்து சொன்னாரே, ஐயா! முதல் நாளே உங்கள்ல யாராவது ஒரு தடவை போட்டுப் பார்த்திருந்தா, என் பிள்ளைங்க இருநூறும் இப்ப என்கூட வந்திருக்குமே!"

கூழைக்கடா அலகை மூடிக்கொண்டு ஆலமடுவை நோக்கிப் பறந்தது.

குறை சொல்லி வந்தவரின் இடத்தில் நின்று தன் வேலையை ஒருமுறைகூடப் பார்க்காமல், "தப்பு உன்மேல்தான்" என்று விரட்டுகிறவன், எத்தனை திறமைசாலியானாலும் பிறர் உயிருக்கு உலை வைக்கிறவனே!