சேவுக்கடையும் காற்றும்

ஆவுடைநாயகம் மடத்துக்கு வந்தபோது கடைச் சாவி கைக்குள் இருந்தது. வரும் வழியெல்லாம் இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கையில் அதன் பல் பதிந்திருந்தது.

மடத்தைப் பார்த்துக்கொள்ளும் வடிவம்மை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஆவுடைநாயகத்தைவிட அவர் பத்து வயதாவது இளையவர். ஆனாலும் மனசு குழம்பும்போதெல்லாம் ஆவுடைநாயகம் வந்து உட்காருவது அவர் முன்னால்தான்.

"சாவி என்ன தப்புப் பண்ணுச்சு, அண்ணாச்சி? இந்த நெரி நெரிக்கிறீங்க?"

"இன்னிக்குச் சாயங்காலம் இதைக் கட்டடக்காரர்கிட்டக் கொடுத்துடணும் தாயி. கடையைக் காலி பண்றேன்."

"சேவு?"

"சேவு இருக்கும். கடைதான் இருக்காது. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் சரக்கு வைக்கிற கிட்டங்கி இருக்குல்ல, அது போதுமாம். எல்லாம் போன்லயே வித்துக்கலாமாம்."

வடிவம்மை ஒரு கல்லை எடுத்து ஓரமாகப் போட்டார். ஆவுடைநாயகம் தொடர்ந்தார். சந்தைப்பேட்டைத் தெருவில் அவர் சேவு தேய்ப்பதை முன்பு யாரோ ஒரு வழிப்போக்கர் வீடியோ எடுத்துப் போட்டார். எங்கெங்கிருந்தோ கூட்டம் வந்தது. பிறகு ஆவுடைநாயகமே எடுத்துப் போட ஆரம்பித்தார். அடுப்புப் புகையால் போனில் படம் மங்கலாக விழுந்ததால் அடுப்பைக் கிட்டங்கிக்கு மாற்றினார். கடை முகப்பில் கண்ணாடி போட்டு, வெள்ளை விளக்கு மாட்டினார். படம் பளிச்சென்று வந்தது.

"இப்ப?"

"இப்ப எவ்வளவு போட்டாலும் யாருக்கும் காட்ட மாட்டேங்குது. வீடியோ கம்பெனிக்காரங்க ஏதோ கணக்கை மாத்திட்டாங்களாம். தெருவுல பாக்கிறவங்க, 'ஏன் அண்ணாச்சி, கடை இன்னும் இருக்கா?'ங்கிறாங்க."

"கிட்டங்கி போதும்னு சொன்னது யாரு?"

"மதுரையிலேர்ந்து ஒரு தம்பி வந்தாரு. விளம்பரத் தொழில். இந்த வீடியோக் காலமே முடியப்போகுதாம். இனிமே மனுஷன் எதையும் பாக்கவே மாட்டானாம். மிஷினே பாத்து, மிஷினே பேசி, மிஷினே வாங்கிப் போட்டுடுமாம்."

"தின்னுறது?"

"அது மனுஷன்தான்."

"அந்த மட்டுக்கும் சந்தோஷம்."

ஆவுடைநாயகம் சிரிக்கவில்லை. உண்மையில் எதைக் கேட்க வந்தோம் என்று அவருக்கே தெளிவாகத் தெரியவில்லை. வழி கேட்க வந்தோமா, எடுத்த முடிவுக்கு ஒரு தலையாட்டல் வாங்க வந்தோமா? போன தடவை யார் சொல்லிக் கண்ணாடி போட்டோம்? யாரும் சொல்லவில்லை. அதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க தாயி. அடுத்து வரப்போறது எது? அது தெரிஞ்சா, முன்கூட்டியே அங்க போயி நின்னுக்குவேன். ஒவ்வொரு தடவையும் கடைசி ஆளா ஓடுறதுக்கு உடம்புல தெம்பு இல்ல."

வடிவம்மை முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"வாங்க, உங்க கடைக்குப் போவோம்."

சந்தைப்பேட்டைத் தெரு முனையில் அவர் நின்றார். ஆவுடைநாயகத்தின் தோளிலிருந்த துண்டைக் கேட்டு வாங்கி, அவர் கண்ணை மறைத்துக் கட்டினார்.

"இப்பக் கூட்டிட்டுப் போங்க."

"இதென்ன தாயி, சின்னப்பிள்ள விளையாட்டு? முப்பது வருஷமா நடக்கிற தெரு. தூக்கத்துல கூடப் போவேன்."

"நல்லதாப் போச்சு."

ஆவுடைநாயகம் நடந்தார். மரிக்கொழுந்து மணத்தது, பூக்கடை. கரியின் சூடு முகத்தில் பட்டது, இஸ்திரிக்கடை. பால் காய்ந்து அடிப்பிடிக்கிற வாசனை வந்ததும் டீக்கடை என்று தெரிந்தது. அங்கிருந்து குரலும் வந்தது.

"என்ன அண்ணாச்சி, புது வீடியோவா? போனு எங்க?"

"பேசாம டீயை ஆத்துடே," என்றபடி நடந்தார்.

அடுத்து மருந்துக்கடை. அதன் மாத்திரை வாடையும் வந்து போனது. இனி தன் கடைதான். அவர் நடையைக் குறைத்தார். காத்திருந்தார். இன்னும் கொஞ்சம் நடந்தார். மறுபடியும் காத்திருந்தார்.

மூக்கில் யூரியா நெடி அடித்தது.

ஆவுடைநாயகம் நின்றுவிட்டார். உரக்கடை. அது தெருவின் கடைசி.

துண்டை அவரே அவிழ்த்தார். திரும்பிப் பார்த்தார். அவர் தாண்டி வந்த இடத்தில் அவருடைய கடை கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை வெளிச்சத்தில் நின்றது. கடையில் வேலைக்கிருக்கும் மரகதம் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

"நீங்க தாண்டிப் போனதைப் பாத்தேன் அண்ணாச்சி. வீடியோ எடுக்கீங்க போல, குறுக்க வந்துடக் கூடாதுன்னு உள்ளயே நின்னுட்டேன்."

ஆவுடைநாயகமும் வடிவம்மையும் கடைவாசலுக்கு நடந்து வந்தார்கள். முன்பு அடுப்பு இருந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் செடி இருந்தது. வடிவம்மை அதைச் சற்று நேரம் பார்த்தார்.

"அந்த வீடியோவுக்கு முன்னாடி ஆளுங்க எப்படி வந்தாங்க, அண்ணாச்சி?"

"வாசம்தான். நாலு மணிக்கு எண்ணெய் காஞ்சு, பூண்டும் ஓமமும் போட்டுப் பிசைஞ்ச மாவு விழுந்துச்சுன்னா, தெருவே திரும்பும்."

"தெரு மட்டும்தானா?"

"காத்தைப் பொறுத்தது. ஆடி மாசம் மேல்காத்து அடிக்கும். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகும். கண்டக்டரெல்லாம் இறங்கி வருவாங்க. கார்த்திகையில வாடைக்காத்து. அப்ப ஆஸ்பத்திரிப் பக்கம் போகும். சீக்காளிய பாக்க வந்தவங்க பொட்டலம் கட்டச் சொல்லுவாங்க." சொல்லும்போதே அவர் குரல் தணிந்தது. "சில நாள் காத்தே இருக்காது. அன்னிக்கு இந்தத் தெருதான்."

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. கட்டடக்காரர். ஆவுடைநாயகம் அதை எடுக்கவில்லை.

"அப்ப இந்தப் போனு, வீடியோ எல்லாத்தையும் விட்டுடச் சொல்றீங்களா?"

"காத்தை வேண்டாம்னு சொல்ல நாம யாரு?"

"அப்ப நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க தாயி. அடுத்து வரப்போறது எது?"

வடிவம்மை குனிந்து பிளாஸ்டிக் செடியைத் தூக்கி மரகதத்திடம் கொடுத்தார். செடி இருந்த இடத்தில், தரையில், பழைய எண்ணெய்க் கறை வட்டமாகத் தெரிந்தது.

"நாளைக்குக் காத்து எந்தப் பக்கம்னு கேட்டுட்டுத்தானா அண்ணாச்சி, இங்க அடுப்பைப் பத்தவெச்சீங்க?"

ஆவுடைநாயகம் அந்தக் கறையைப் பார்த்துக்கொண்டே நின்றார். போன் மறுபடியும் அதிர்ந்து ஓய்ந்தது. சாவியை மடியில் செருகினார். கண்ணைக் கட்டியிருந்த துண்டை உதறி, அடுப்படியில் நிற்பவர்கள் கட்டுவதுபோலத் தலையில் கட்டிக்கொண்டார்.