ஈறுக்குள்ளே இறக்கிய போர்வெல்

இதில் கழிக்க வேண்டியதைக் கேட்கிறவர்களே கழித்துக்கொள்ள வேண்டியது. கூட்டுகிற வேலையை அர்த்தநாரி ஏற்கெனவே செய்துவிட்டார்.

திருச்செங்கோட்டில் சங்ககிரி போகிற ரோட்டில், மொட்டை மாடி வைத்த பழைய வீடு ஒன்றைப் பல் ஆஸ்பத்திரியாக மாற்றியிருந்தார்கள். அங்கே வாசலை ஒட்டிய பெஞ்சு நுனியில் தங்காயி உட்கார்ந்திருந்தாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் தள்ளுவண்டியில் கடலை வறுத்து விற்கிறவள். செருப்பை ரோட்டைப் பார்த்துக் கழற்றி விட்டிருந்தாள். காலை நுழைத்தால் ஓட்டம்தான். போன முறை அப்படித்தான் ஓடினாள்.

ஓடாமல் என்ன செய்வாள், பாவம். பல் தேய்த்தால் ரத்தம். கீழ்வரிசையோ நாக்கு பட்டாலே அசைகிறது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, ஈறுக்கு அடியில் வேர் வரைக்கும் கல்லுப் படிந்து கிடக்கிறது, ஆழமாகச் சுரண்டிச் சுத்தம் பண்ண வேண்டும், இல்லாவிட்டால் பல்லெல்லாம் ஒவ்வொன்றாகக் கையோடு வந்துவிடும் என்று சொல்லிவிட்டார். பக்கத்து வண்டியில் கம்பங்கூழ் ஊற்றுகிறவள் சொன்னதோ நேர்மாறு. அந்தக் கல்தான் பல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதாம். அதைப் பேர்த்தால் அன்றைக்கே அத்தனையும் கொட்டிவிடுமாம். அவளுடைய நாத்தனாருக்குக் கொட்டியதாம்.

கடலைக்காரிக்குப் பல் போனால் சோறு தின்கிற கஷ்டத்தோடு முடியாது. வறுபட்ட பதம் கண்ணுக்குத் தெரிகிற விஷயமா? சட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக் கடிக்க வேண்டும். அந்தச் சத்தத்திலேயே இறக்குவதா, இன்னும் நாலு கிளறு கிளறுவதா என்று தங்காயி சொல்லிவிடுவாள். இப்போது கொஞ்ச நாளாகக் கடிக்க முடியவில்லை. நிறத்தைப் பார்த்தும் மோந்து பார்த்தும் ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள். யாரும் குறை என்று வாய் திறக்கவில்லை. ஆனால் வழக்கமாக வாங்குகிறவர்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் எதிர் வண்டிக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள்.

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்த அந்த பெஞ்சில், கையை வீசிப் பேசியவர் அர்த்தநாரி ஒருத்தர்தான். ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய்ப் போர்வெல் போட்டவர். தன்னுடைய ஈறு சுத்தம் பண்ணி ஆறிவிட்டதா என்று டாக்டரம்மாவிடம் காட்ட வந்திருந்தார். பக்கத்தில் ஒரு பஸ் கண்டக்டர், காளியண்ணன் என்று பேர், ஒரு கன்னம் இட்லி மாதிரி உப்பிப்போய் உட்கார்ந்திருந்தார். டீப் கிளீனிங் என்றால் என்னவென்று அவர் கேட்டது தப்பாகப் போய்விட்டது.

ரிக் ஓட்டுகிறவன் வாயில் தூசி ஏறாமல் இருக்குமா என்று ஆரம்பித்தார் அர்த்தநாரி. கர்நாடகத்துத் தூசி மேல்வரிசையில் படிந்ததாம், ஆந்திராத் தூசி கீழ்வரிசையில். ராஜஸ்தான் தூசிக்கு இடம் இல்லாமல் கடவாயில் ஒதுங்கியதாம். படிந்து படிந்து, பல் என்று தனித்தனியாக ஒன்றும் இல்லை. மேலே ஒரு திண்டு, கீழே ஒரு திண்டு. ஈறு அழுகி வந்த வாடையைச் சொல்லவே வேண்டாம். ராத்திரி வண்டியில் போகும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக் கொட்டாவி விட்டால், எதிரே வருகிற லாரிக்காரன் லைட்டைத் தணித்து ஓரம் கட்டிவிடுவானாம்.

அப்புறம் டாக்டரம்மா ஆழம் பார்த்த கதை. கோடு போட்ட மெல்லிசுக் கம்பி ஒன்று வைத்திருப்பார்கள். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் விட்டுப் பார்ப்பார்கள். நல்ல ஈறு என்றால் ரெண்டு மூணு கோட்டிலேயே கம்பி நின்றுவிடும். இது தங்காயிக்கும் தெரியும், அவளுக்கும் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். அர்த்தநாரிக்கு விட்டபோது கோடெல்லாம் போய், கம்பி போய், கைப்பிடி போய், டாக்டரம்மாவின் வளையல் தடுத்துத்தான் நின்றதாம்.

அந்த இடத்தில்தான் அர்த்தநாரி டாக்டரம்மாவுக்குப் புத்தி சொன்னாராம். இத்தனை ஆழம் போகிறதென்றால் தண்ணீர் இருக்கிற பாயிண்ட் பார்க்காமல் இறங்கக் கூடாது, போர்வெல்காரன் எவனும் அந்தத் தப்பைச் செய்யமாட்டான் என்று. உடனே நீரோட்டம் பார்க்கிறவரை ஆள் விட்டுக் கூட்டி வந்தார்கள். அவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு அர்த்தநாரியின் தாடையோரமாகவே நடந்து போனாராம். கடைசிக் கடவாய்ப் பல்லுக்கு நேராக வந்ததும் தேங்காய் எழுந்து நட்டுக்குத்தாக நின்றுவிட்டதாம்.

“தாடை மேல எப்படிங்க நடந்தாரு?” என்றார் கண்டக்டர்.

“செருப்பைக் கழட்டிட்டுத்தான் நடந்தாரு” என்றார் அர்த்தநாரி.

பெஞ்சில் யாரோ இருமினார்கள். அர்த்தநாரி அதையெல்லாம் காதில் வாங்குகிற ஆள் இல்லை. மரத்துப்போக ஊசி போட்ட கட்டத்துக்குப் போய்விட்டார். அவ்வளவு பெரிய வாய்க்கு மருந்து கொஞ்சம் தாராளமாகவே ஏற்றிவிட்டார்களாம். ஈறு மரத்தது, கழுத்து மரத்தது, அவர் சாய்ந்திருந்த நாற்காலி மரத்தது. தரை வழியாகப் போய்ப் பக்கத்து சலூன் மரத்தது. அங்கே ஒருத்தனுக்கு மீசையோடு சேர்த்து எடுத்துவிட்டார்கள், அவனுக்குச் சாயங்காலம்தான் தெரிந்ததாம். அப்புறம் ரோடே மரத்துப் போய்விட்டது. அன்றைக்குச் சங்ககிரி பஸ்ஸில் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஒரு குழி கூடத் தெரியவில்லை என்பார்கள் என்றார்.

கண்டக்டர் உப்பின கன்னத்தோடு மெதுவாக அவர் பக்கம் திரும்பினார். “அந்த ரூட்டுல நாந்தான் டூட்டிங்க. எல்லாக் குழியும் தெரிஞ்சுது.”

“கண்டக்டருங்க நின்னுட்டே வர்றவங்க தம்பி. உக்காந்து வந்தவங்களுக்குத்தான் மரத்துச்சு.”

கல்லை எடுத்த வைபவம் அதற்கு மேல். மெஷினை வைத்ததும் ஆஸ்பத்திரி முழுக்கத் தூசி மண்டி, ஆளுக்கு ஆள் முகம் தெரியவில்லையாம். கல் வெட்டுகிற குவாரிக்காரர் சத்தம் கேட்டு வந்து நின்றுகொண்டு, நல்ல ஜாதிக் கல், உடைக்காமல் எடுங்கள் என்று கெஞ்சினாராம். அதில் ஒரு துண்டு சேலத்துப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வாசற்படியாகக் கிடக்கிறது. பொண்ணு மாப்பிள்ளை அதை மிதித்துத்தான் உள்ளே போகிறார்கள் என்றார். இதற்குள் நர்ஸ் மெர்லின் கதவைத் திறந்து, கொஞ்சம் மெதுவாகப் பேசச் சொன்னாள். உள்ளே டாக்டருக்குச் சிரிப்பு வந்து கை ஆடுகிறதாம்.

அர்த்தநாரி குரலைத் தாழ்த்தினார். பொய் தாழவில்லை. கல்லையெல்லாம் எடுத்துப் பார்த்தால், கடவாய்ப் பல்லின் வேருக்குப் பக்கத்தில் ஒரு கடலைச்செடி நிற்கிறதாம். பூ விட்டு, விழுது இறங்கி, கொத்துக் கொத்தாகக் காய் பிடித்து நிற்கிறதாம்.

அதுவரைக்கும் வாயைத் திறக்காத தங்காயி திறந்தாள்.

“அது என்ன கடலைங்கண்ணா?”

“வறுத்த கடலைதானுங்க. எப்பவோ தின்னப்போ மாட்டிக்கிட்டது.”

“வறுத்தது முளைக்காதுங்க.”

பெஞ்சே நிமிர்ந்தது. மாட்டினாரப்பா என்று கண்டக்டர் தொடையில் தட்டினார். அர்த்தநாரி இப்போதுதான் அவளை நன்றாகப் பார்த்தார். பார்த்ததும் ஆளைத் தெரிந்துகொண்டார். முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது, வழுக்கப் போன கால் படியில் பட்ட மாதிரி.

“உங்க வண்டியில வாங்குனதுதான் அம்மணி. மேல கருகியிருந்துச்சு, உள்ளுக்குள்ள பச்சை. முளைக்காம என்னுங்க பண்ணும்?”

பெஞ்சு சிரித்தது. கண்டக்டர் கன்னத்தை ரெண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தங்காயி மட்டும் சிரிக்கவில்லை.

தேங்காய் எழுந்து நின்றதும் பொய், ரோடு மரத்ததும் பொய். மேலே கருகி உள்ளே பச்சை என்றது மட்டும் பொய்யில்லை. நிறத்தை நம்பி இறக்கினால் கடலை அப்படித்தான் இருக்கும். தீ கூடிப்போய் மேல்தோல் கருத்துவிடும், பருப்பு வேகாது. அது அவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் இத்தனை நாளும் தெரியாத மாதிரி பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். எதிர் வண்டிக்குப் போனவர்கள் சொல்லாததை, தப்பித்துக்கொள்வதற்காகப் புளுகிய ஒரு மனுஷன் சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து மெர்லின் வந்து தங்காயி பேரைக் கூப்பிட்டாள்.

தங்காயி எழுந்தாள். கால் தன்பாட்டில் செருப்புப் பக்கம் போனது. பெருவிரல் வார் வரைக்கும் நுழைந்துவிட்டது. அங்கேயே நின்றுகொண்டு அர்த்தநாரியைத் திரும்பிப் பார்த்தாள்.

“அண்ணா, ஒண்ணே ஒண்ணு மட்டும் நெசமா சொல்லுங்க. சுத்தம் பண்ணுன பொறவு பல்லு ஆடுதுங்களா?”

அப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை போல. மனுஷன் தடுமாறிப் போனார். பிறகு வாயைத் திறந்து, கீழ் முன்பல் ஒன்றை ரெண்டு விரலால் இறுக்கிப் பிடித்து, முன்னும் பின்னும் ஆட்டிக் காட்டினார். தலைதான் ஆடியது. பல் ஆடவில்லை.

“முன்னால ஆடுச்சுங்க. சுத்தம் பண்ணி ரெண்டு நாளைக்குக் கூச்சம் இருந்துச்சு. அப்புறம் ஈறு புடிச்சுக்கிச்சு.”

அதோடு நிறுத்திக்கொண்டார். தங்காயி காலைச் செருப்பிலிருந்து உருவிக்கொண்டு உள்ளே போனாள்.

நாற்காலியில் சாய்ந்ததும் சேலைத் தலைப்பைக் கைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். ஊசி சுருக்கென்றது, அவ்வளவுதான். இடது பக்கம் கன்னமும் உதடும் யாருடையதோ மாதிரி ஆனது. மெஷின் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு ரீங்காரமிட்டது. அது ஓய்ந்ததும் டாக்டரம்மா வளைந்த கம்பி ஒன்றை எடுத்து, ஈறுக்கு உள்ளே விட்டு வேரைச் சுரண்டினார். அடிப்பிடித்த சட்டியைக் கரண்டியால் வழிக்கிற சத்தம் மண்டைக்குள் கேட்டது. அந்தச் சத்தம் அவளுக்குப் பழகினதுதான். சட்டியைப் பாதியில் விட்டால் அடுத்த வறுவல் அத்தனையும் தீய்ந்துபோகும் என்று நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் அகலமாகவே வாயைத் திறந்தாள்.

கடைசியில் டாக்டரம்மா, எடுத்த கல்லைப் பஞ்சில் வைத்துக் காட்டினார். எள்ளில் பாதி கூட இல்லை. கருப்பாக நாலைந்து பொடி. கல்யாண மண்டபத்து வாசற்படியைக் கேட்டுவிட்டு வந்தவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இதற்கா ஓடினோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

கூழ்க்காரி சொன்னதைக் குழறிக் குழறிக் கேட்டாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. “கல்லு எந்தப் பல்லையும் புடிச்சுட்டு நிக்கலைங்கம்மா. ஈறுதான் புடிக்கணும். கல்லு இருக்கிற வரைக்கும் ஈறு கிட்டவே வராது” என்றார். இந்தப் பக்கத்துப் பல் எல்லாமே நிற்கும், எதையும் பிடுங்க வேண்டாம், அடுத்த வாரம் வந்தால் வலது பக்கத்தையும் முடித்துவிடலாம், தினமும் ஒழுங்காகத் தேய்த்தால் கொஞ்ச நாளில் கெட்டியானதைக் கடிக்கலாம் என்றும் சொன்னார்.

வெளியே வந்தாள். பெஞ்சு மொத்தமும் அவள் வாயையே பார்த்தது. அடுத்த முறை கண்டக்டருக்கு. அவர் பாதி எழுந்து, வாசலுக்கும் உள் கதவுக்கும் நடுவில் நின்றுகொண்டு, என்னக்கா பண்ணினார்கள் என்று கேட்டார். அர்த்தநாரியோ, கடலைச்செடியைப் பிடுங்கின இடத்தில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு ஆஸ்பத்திரிக் கூரையைத் தொட்ட கதையின் நடுவில் இருந்தார். வாய் திறந்தபடியே நின்றது.

தங்காயிக்கு எள்ளில் பாதியைச் சொல்ல மனசு வரவில்லை. ஒரு பக்கத்து வாயால் நிதானமாகச் சொன்னாள்.

“பெருசா ஒண்ணுமில்லைங்க தம்பி. இந்தப் பக்கத்து ஈறை முழுசா கழட்டி, வெந்நீர்ல அலசிப் புழிஞ்சு, மொட்டை மாடியில காயப் போட்டிருக்காங்க. காஞ்சதும் வந்து மாட்டிக்கச் சொன்னாங்க.”

நம்பாதவர்களுக்காக மரத்த கன்னத்தை ரெண்டு விரலால் இழுத்து விட்டுக் காட்டினாள். அது பாட்டுக்கு மெதுவாகத் திரும்பிப் போய் உட்கார்ந்தது.

அர்த்தநாரிதான் முதலில் வாயை மூடினார். “அம்மணி, பொய்யின்னாலும் ஒரு அளவு வேணுமுங்க” என்றார், நெம்ப வருத்தமாக.

சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனார். ரோட்டில் நின்று, நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு, மொட்டை மாடியைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார்.

“காக்கா சுத்துதுங்க. யாராச்சும் ஒரு ஆளைக் காவலுக்கு உடுங்க” என்றார்.