பலா வாசனையோடு வந்த பேச்சி

ஓடைக்கு இக்கரையில் ஒரு மாமரம். அந்த மாமரத்தில் முசுறு எறும்புகள் குடியிருந்தன. முசுறு எறும்பு என்றால் என்னவென்று தெரியாதவர்கள் ஒரு மாமரத்தில் ஏறிப் பார்க்கலாம். இறங்கும்போது நன்றாகத் தெரிந்திருக்கும்.

மற்ற எறும்புகளைப் போல இவை மண்ணில் புற்று கட்டுவதில்லை. பச்சை இலைகளை இழுத்துச் சேர்த்து, தைத்து, பந்து போல வீடு கட்டும். இரண்டு இலைகளுக்கு நடுவே இடைவெளி அதிகம் என்றால், ஒருத்தி இடுப்பை ஒருத்தி கவ்விக்கொண்டு சங்கிலி போல நீண்டு இழுப்பார்கள். ஒருத்தி என்றுதான் சொல்ல வேண்டும். எறும்புகளில் உழைப்பதும் பெண்கள், சண்டைக்குப் போவதும் பெண்கள். ஆண்களுக்குச் சிறகு உண்டு, வேலை கிடையாது. இதை மேலும் விரித்தால் என் வீட்டில் எனக்குக் காப்பி கிடைக்காது.

அந்த வீட்டில் சிறகப்பர் என்று ஓர் ஆண் எறும்பு இருந்தார். ராணியம்மாவுக்கு முட்டையிடுவதற்கே நேரம் போதவில்லை. அதனால் ராணியம்மா பெயரைச் சொல்லி அவரே மந்திரியாகிவிட்டார். ஒருநாள் உச்சிக் கிளையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தவர், ஓடைக்கு அக்கரையில் இருந்த பலாமரத்தைப் பார்த்தார். அதன் உடம்பெங்கும் பெரிது பெரிதாக, முள்ளு முள்ளாக, ஏதோ தொங்கியது. விழுந்தடித்துக்கொண்டு கீழே வந்தார்.

“அக்கரை எறும்புகள் முள் குண்டு செய்து தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் யானைத் தலை பெரிசு. ஒன்றைத் தூக்கி எறிந்தால் போதும், நம் வீடு இல்லை, நம் மரம் இல்லை!”

மாமரத்தை விட்டு இறங்காத எறும்புகள். பலாப்பழத்தை அவர்களில் யார் கண்டது?

சண்டை வேண்டாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றியது. ஆனால் அதை இலைக்குப் பின்னால் நின்று சொன்னார்கள். சிறகப்பர் காதுபட ஒருத்தியும் சொல்லவில்லை. அவர் தாடை வலுத்தவர்களாகப் பார்த்து முந்நூறு பேரைப் பொறுக்கினார். ஓடைக்குக் குறுக்கே விழுந்து கிடந்த பனைமரத்தின் மேல் அவர்கள் வரிசையாகப் போனார்கள். அந்த வரிசையில் பேச்சியும் போனாள்.

மூன்று மாதம் ஆயிற்று.

வீட்டில் இலைகள் காய்ந்து தையல் விட்டது. இழுத்துப் பிடிக்க வலுவான தாடைகள் இல்லை. சங்கிலி போட்டால் பாதியில் அறுந்தது. குஞ்சுகள் படுத்திருந்த அறைக்கு மேலே வானம் தெரிந்தது. அந்த ஓட்டை வழியாக ஒரு பல்லி தினமும் வந்து எட்டிப் பார்த்து, யோசித்துவிட்டுப் போயிற்று.

“எல்லாம் அந்தப் பாழாப்போன சண்டையால வந்தது” என்று சண்டையைத் திட்டினார்கள். சண்டை அக்கரையில் இருந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. திட்டினால் அதற்கு உறைக்கவும் இல்லை. அதனால் சண்டைக்குப் போனவர்களைத் திட்ட ஆரம்பித்தார்கள்.

அந்த வீட்டு வாசலில் காவல் இருந்தவள் மூக்காயி. எறும்புக்கு மூக்கு கிடையாது, மோப்பமெல்லாம் மீசையில்தான். ஆனாலும் அவளைப் போல மோப்பம் பிடிக்க ஆள் இல்லை என்பதால் அந்தப் பெயர். வீட்டு வழக்கம் இதுதான். உள்ளே வருகிறவளை வாசலில் நிறுத்தி மீசையால் தொட்டுப் பார்ப்பார்கள். வீட்டார் வாசனை இருந்தால் உள்ளே. இல்லாவிட்டால் வெளியே. முகத்தை யாரும் பார்ப்பதில்லை. எல்லோருக்கும் ஒரே முகம்.

ஒருநாள் மத்தியானம் பேச்சி திரும்பி வந்தாள். ஆறு காலில் ஐந்துதான் இருந்தது. வலது மீசை பாதியில் முறிந்திருந்தது. மூக்காயி அவளைத் தொட்டாள், சட்டென்று பின்வாங்கி மீசையைத் துடைத்துக்கொண்டாள்.

“யாருடி நீ? இந்த நாத்தம் நாறுறே.”

“மூக்காயி அக்கா, நான் பேச்சி. உன் பக்கத்துல படுத்துத் தூங்குனவ.”

“பேச்சிக்கு மாம்பூ வாசனை. உன் மேல வேற என்னமோ அடிக்குது.”

“பலா வாசனைக்கா. மூணு மாசம் அந்த மரத்துலயே கிடந்தா வேற என்ன வாசனை அடிக்கும்?”

“உன்னைப் போகச் சொன்னது நாங்களா?”

“இல்லக்கா. போகாதேன்னும் நீங்க சொல்லலை.”

மூக்காயிக்குச் சுருக்கென்றது. சுருக்கென்றால் கோபம் வரும், எறும்புக்கும்.

“சரி, அந்த முள் குண்டையாவது அழிச்சீங்களா?”

“அது குண்டு இல்லக்கா, பழம். பழுத்துச்சு, தானா விழுந்துச்சு. அப்பவே மந்திரிக்குச் சொல்லி அனுப்பினோம். பழுக்காத குண்டு எங்கயாவது ஒளிச்சு வச்சிருப்பாங்க, தேடுங்கன்னு பதில் வந்துச்சு.”

இதற்குள் இலை இடுக்குகளிலெல்லாம் தலைகள் முளைத்துவிட்டன.

“பழத்தோடவா சண்டை போட்டீங்க?” என்றது ஒரு தலை.

“தின்னு தின்னு வயித்தைப் பாரு, பானை மாதிரி” என்றது இன்னொன்று.

“இங்கே கூரை பிஞ்சு, பல்லி வந்து குடும்ப விசாரிப்பு விசாரிச்சிட்டுப் போகுது. அப்ப எங்கடி போயிருந்தே?” என்றது மூன்றாவது.

பேச்சி மூக்காயியிடம் மட்டும் சொன்னாள். “அக்கா, மரத்தடியில இன்னும் பதினோரு பேர் நிக்கிறாங்க. ஏறுறதுக்குப் பயப்படுறாங்க. என்னை உள்ளே விட்டா அவங்களும் ஏறி வருவாங்க. விடலைன்னா எங்களுக்குப் போக இடம் இல்லை.”

“பதினோரு பேரா? முந்நூறு பேர் போனீங்களே.”

“ஆமாக்கா.”

தலைகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. மூக்காயி வாசலை அடைத்து நின்றுகொண்டு, “வழக்கம்னு ஒண்ணு இருக்கில்ல” என்றாள். “அந்நிய வாசனையை உள்ளே விட்டா வாசலுக்குக் காவல் எதுக்கு?”

பேச்சி வாசலுக்குக் கீழே இருந்த ஒற்றை இலையில் போய் உட்கார்ந்தாள். கூட்டத்தை விட்டுப் பிரிந்த எறும்பு இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. இது பேச்சிக்கும் தெரியும், மூக்காயிக்கும் தெரியும். பல்லிக்கும் தெரியும். அது நாலு கிளை தள்ளி வந்து உட்கார்ந்துகொண்டது.

பேச்சியின் தங்கை இருளாயி கூரை தைக்கும் சங்கிலியில் நடு ஆள். அந்த வீட்டில் எல்லோரும் எல்லோருக்கும் உடன்பிறப்புதான். ஆனாலும் இருளாயி, பேச்சிக்கு அடுத்த முட்டை. அவள் விறுவிறுவென்று வாசலுக்கு வந்தாள்.

“எங்கடி போறே?” என்றாள் மூக்காயி.

“அக்காகிட்ட.”

“அவளைத் தொட்டா உனக்கும் ஒட்டும். அப்புறம் உன்னையும் விட மாட்டேன்.”

“விட வேண்டாம். நீ உள்ளே இரு, நான் வெளியே இருக்கேன்.”

இருளாயி போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, அவள் உடம்பை நக்கித் துடைக்க ஆரம்பித்தாள். முதுகில் பலாப்பால் பிசின் பிசினாகக் காய்ந்திருந்தது. கால் இல்லாத இடத்துக்கு வந்ததும் இருளாயியின் நாக்கு நின்றது.

“வலிக்குதா?”

“இப்ப இல்லை. அப்ப வலிச்சுது. அந்த மரத்துல ஒரு கிழவிதான் எனக்கு வாயூட்டினா. அவ வீட்டுல இருபது பேரை நாங்க கொன்னிருந்தோம், இருளாயி. தெரிஞ்சேதான் ஊட்டினா.”

இருளாயி மறுபடி துடைக்க ஆரம்பித்தாள். அப்போது பேச்சி, “வாயைக் காட்டு” என்றாள். பானை போன்ற வயிற்றிலிருந்து ஒரு சொட்டு எடுத்துத் தங்கை வாயில் விட்டாள்.

எறும்புக்கு வயிறு இரண்டு. ஒன்று தனக்கு, ஒன்று வீட்டுக்கு. வீட்டு வயிற்றில் சுமந்து வருவதை அது தான் தின்னாது. மாமரத்து எறும்பு ஜென்மத்தில் ருசி பார்க்காத பலாச்சுளைத் தேன் அந்தச் சொட்டில் இருந்தது. இருளாயிக்கு ஐந்தாறு நொடி கண் தெரியவில்லை.

“உங்களுக்குன்னுதான் கொண்டுவந்தேன்” என்றாள் பேச்சி. “மூணு நாளா நான் ஒண்ணும் தின்னலை.”

நடு ஆள் இல்லாமல் மேலே சங்கிலி அறுந்தது. தையல்காரிகள் நாலு பேர் இருளாயியைத் தேடி வந்தார்கள். வந்த எறும்பு மீசையால் தொடாமல் பேசுமா? தொட்டார்கள், வாசனை ஒட்டியது. மூக்காயி வாசலிலிருந்து, “நீங்க நாலு பேரும் வெளியேதான்” என்று கத்தினாள். ஏற்கெனவே வெளியேதான் என்று ஆனபிறகு ஒரு சொட்டு ருசி பார்த்தால் என்ன? பார்த்தார்கள். பார்த்தவர்கள், “இந்தக் காலோடயா இதைத் தூக்கிட்டு வந்தே?” என்று கேட்டுவிட்டு, ஆளுக்கொரு பக்கமாகப் பேச்சியைத் துடைக்க ஆரம்பித்தார்கள். பானை மாதிரி வயிறு என்று சொன்ன தலையும் அவர்களில் ஒன்று. அது தலையைத் தூக்கவே இல்லை.

தையல்காரிகளைத் தேடி இலை சுமக்கிறவர்கள் வந்தார்கள். அவர்களைத் தேடிச் செவிலிகள் வந்தார்கள், குஞ்சுகளை வாயில் கவ்விக்கொண்டே. ஒரு பேச்சிக்கு இத்தனை பேர் சேர்ந்ததைப் பார்த்துப் பல்லி நாலு கிளையை நாற்பதாக்கிக்கொண்டது. கூட்டத்தின் கனத்தில் கிளை கீழே வளைந்து ஓடைத் தண்ணீரைத் தொட்டது என்று சொல்வார்கள். தொட்டதை நான் பார்க்கவில்லை, ஆனால் நுனி நனைந்திருந்தது.

பொழுது சாய்ந்தபோது வீட்டுக்குள் இருந்தவர்கள் மூன்று பேர். முட்டையிட்டுக்கொண்டிருந்த ராணியம்மா. வாசலில் மூக்காயி. இன்னொருவர் உள்ளேயிருந்து சத்தம் போட்டுக்கொண்டு வந்தார்.

“எனக்கு இன்னும் சாப்பாடு வரலை. எல்லோரும் எங்கே தொலைந்தார்கள்?” என்றார் சிறகப்பர்.

பழக்கத்தில் மூக்காயியின் மீசை அவரைத் தொட்டது. சுத்தமான மாம்பூ வாசனை. முந்நூறு பேரை அனுப்பியவர் மேல் பலா வாசனை ஒரு இழைகூட இல்லை. அவள் தன் உடம்பை முகர்ந்தாள். அங்கும் மாம்பூ. பிறகு காற்று வந்த பக்கம் மீசையை நீட்டினாள். அத்தனை பேர் மேலும் ஒரே வாசனை, பாதி மா, பாதி பலா. வீட்டார் வாசனை இல்லாதவர் வெளியே என்பது வழக்கம். வீட்டாரெல்லாம் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் வாசனை இல்லாமல் நிற்பது, அவளும் மந்திரியும்.

மூக்காயி வாசலை விட்டு இறங்கினாள். கூட்டம் வழிவிட்டது.

“கொஞ்சம் நகர்ந்து உட்காருடி” என்றாள்.

பேச்சி நகர்ந்தாள். மூக்காயி அவளை ஒட்டி உட்கார்ந்தாள். கடைசியாக மிச்சமிருந்த சொட்டைப் பேச்சி அவள் வாயில் விட்டாள்.

“இனிப்பாத்தான் இருக்கு” என்றாள் மூக்காயி.

“இன்னும் கோபமாக்கா?”

“கோபம்தான். யார் மேலன்னு இப்பத்தான் மோப்பம் பிடிச்சேன்.”

மரத்தடியில் நின்ற பதினோரு பேரையும் இருளாயி போய் அழைத்து வந்தாள். எல்லோரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். மூக்காயி வழக்கம்போல வாசலில் நின்று ஒவ்வொருத்தியையும் தொட்டுத் தொட்டு உள்ளே விட்டாள். பதினோரு பேரைத் தொடும்போது மட்டும் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். கடைசியில், சாப்பாடு தேடி வெளியே வந்திருந்த சிறகப்பர் வந்து நின்றார். மீசை குறுக்கே விழுந்தது.

“ஐயா, உங்க மேல வீட்டார் வாசனை இல்லையே.”

“என்ன உளறுகிறாய்? நான் இந்த வீட்டை விட்டே போனதில்லை!”

“அதான் குறை, ஐயா. பேச்சி பக்கத்துல கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு வாங்க. ஒட்டினதும் உள்ளே விடுறேன்.”

பேச்சி மறுபடி வெளியே வந்தாள். வேறு வழியில்லை, அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் உடம்பு வழவழவென்று இருந்ததால் வாசனை சீக்கிரம் ஒட்டவில்லை. சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று பேச்சி அவருக்குக் கதை சொன்னாள். கதை என்ன கதை, பெயர்கள்தான்.

“வரிசையில முதல்ல போனவ சடச்சி. பனைமரத்துல வழுக்கி ஓடையில விழுந்துட்டா. அவளுக்குப் பின்னால ஒய்யம்மா. நல்லாப் பாடுவா. அவளுக்குப் பின்னால வீராயி...”

இருபதாவது பெயரில் சிறகப்பர், “போதும்” என்றார்.

மூக்காயி எட்டிப் பார்த்துத் தொட்டுவிட்டு, “இன்னும் ஒட்டலை ஐயா. நீ மேல சொல்லுடி” என்றாள்.

இருநூற்று எண்பத்தெட்டுப் பெயர்கள். முடியும்போது சிறகப்பரின் சிறகு நாலும் ஈரத்தில் நனைந்தது போலத் தொங்கிவிட்டன. மூக்காயி அவரைத் தொட்டுப் பார்த்து வழிவிட்டாள்.

மறுநாள் கூரைக்குச் சங்கிலி போட்டார்கள். பேச்சி ஐந்து காலால் ஊன்றி ஒரு நுனியைக் கவ்வினாள். பதினோரு பேரும் நடுநடுவே நின்றார்கள். இலை வந்து சேர்ந்தது. வானம் மறைந்தது.

சில நாள் கழித்து சிறகப்பர் உச்சிக் கிளையில் வெயில் காயும்போது தெற்கே ஒரு புளியமரத்தைப் பார்த்தார். அரிவாள் அரிவாளாக, ஆயிரக்கணக்கில், ஏதோ தொங்கியது. மெதுவாக இறங்கி வாசலுக்கு வந்தார்.

“எங்கே ஐயா?” என்றாள் மூக்காயி.

“அது என்னவென்று நானே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்” என்றார்.

வேண்டாத சண்டையை வேண்டாம் என்று, அனுப்புகிறவர் முகத்தைப் பார்த்து, அனுப்பும் முன்பே சொல்ல வேண்டும். போய் வந்தவளை வாசலில் நிறுத்திவைத்துச் சொல்லக் கூடாது.